பின்னணி இல்லாத படம்

தோ பாயோ என்னும் பெயருக்குப் பெரிய சதுப்பு நிலம் என்பது பொருள். ‘தோ’ என்பது ஹொக்கியன் சீனச் சொல். பெரியது என்று அதற்குப் பொருள். ‘பாயோ’ என்பது, சதுப்பு நிலத்தைக் குறிக்கும் ‘பாயா’ என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது என்பர். இரண்டு மொழிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஓர் ஊரின் பெயராயின. அந்தப் பெயருக்குள் அடியில் கிடந்த நிலம் இன்றும் தெரிகிறது. நிலமோ கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன்மேல் அடுக்குமாடி வீடுகளும், பள்ளிகளும், நூலகமும், 1987-இல் திறக்கப்பட்ட பெருவிரைவு ரயில் நிலையமும் நிற்கின்றன.

மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்க வேண்டுமா, அல்லது மேலும் கீழும் ஒருங்கே தெரியும்படி செய்ய முடியுமா? இதுவே இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள். கணினியில் புள்ளிவிவர வரைபடம் தீட்டும் மாணவர்களுக்கு இது அன்றாடச் சிக்கல். பைத்தான் என்னும் நிரல்மொழியில் ஒரு வரைபடத்தைத் தீட்டிக் கோப்பாகச் சேமித்து, அதனை ஒரு நிலப்படத்தின் மீதோ புகைப்படத்தின் மீதோ வைத்தால், வரைபடத்தோடு சேர்ந்து ஒரு வெள்ளைச் சதுரமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அடியில் இருந்தது மறைந்துபோகிறது. கோடும் எழுத்தும் மட்டும் வேண்டும், வெள்ளைத் தாள் வேண்டாம் என்றால் என்ன செய்வது? விடை ஒரே வரியில் அடங்கிவிடும். ஆனால் அந்த ஒரு வரி உருவாவதற்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு.

ஒளி புகும் பொருளின் மீது உருவம் தீட்டும் கலை நமக்குப் புதியதன்று. தோற்பாவைக் கூத்தில் ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, ஒளி ஊடுருவும்படி மெல்லியதாக்கி, வண்ணம் தீட்டி, விளக்குக்கும் திரைக்கும் நடுவே நிறுத்துவார்கள். பாவையைச் சுற்றியுள்ள தோலை வெட்டி எறிந்துவிடுவதால், இராமனுக்குப் பின்னால் வெறும் திரைதான் இருக்கும். அதே திரையில் காடும் காட்டலாம், அரண்மனையும் காட்டலாம். பாவை ஒன்றே, பின்னணி மட்டும் மாறும். பின்னணியிலிருந்து உருவத்தைப் பிரித்தெடுத்தால் அந்த உருவத்தை எங்கு வேண்டுமானாலும் கொண்டு நிறுத்தலாம் என்ற அறிவு நம் பாவைக் கூத்தர்களிடம் இருந்தது.

நில அளவையாளரும் பொறியாளரும் வேறொரு தேவையால் இதே வழிக்கு வந்தார்கள். எண்ணெயோ மாவுப் பசையோ ஏற்றிய மெல்லிய தாளையும் துணியையும் மூலப்படத்தின் மேல் விரித்து, கீழே தெரியும் கோடுகளை மேலே பின்பற்றி வரைந்தார்கள். 1842-இல் சர் ஜான் ஹெர்ஷல் நீலப்படம் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். பின்னாளில் பொறியாளர்கள் அதனைத் தம் தொழிலுக்கு எடுத்துக்கொண்டபோது, ஒளி புகும் தாளின் மதிப்பு இன்னும் உயர்ந்தது. தாளின் வழியே வெயில் புகுந்தால்தான் அடியிலுள்ள மருந்து தடவிய தாளில் படி விழும். கோடு ஒளியைத் தடுக்க வேண்டும். தாள் ஒளியை விட வேண்டும். கோட்டுக்கும் தாளுக்கும் இப்படி இரு வேறு கடமைகள் வகுக்கப்பட்டன. இன்றைய கணினிப் படத்தின் அடிப்படையும் இதுதான்.

இதிலிருந்து நகரத் திட்டக் கலைக்கு ஒரு புதிய கருவி கிடைத்தது. ஒரே நிலப்பரப்பின் மேடு பள்ளத்தை ஒரு தாளிலும், நீரோட்டத்தை இன்னொரு தாளிலும், மண்ணின் தன்மையை வேறொரு தாளிலும் ஒரே அளவில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒளியின் முன் பிடித்தால், தனித்தனியே பார்க்கும்போது தெரியாத உறவுகள் தெரியும். வெள்ளம் தங்கும் இடத்தில் வீடு கட்டக்கூடாது என்பதை எவரும் எடுத்துச் சொல்லாமலே தாள்கள் சொல்லிவிடும். ஜாக்குலின் டிர்விட் என்ற அம்மையார் 1950-இல் வெளிவந்த ஆங்கில நகரத் திட்டப் பாடநூலில் இம்முறையை விளக்கி எழுதினார். 1954-இல் ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் சார்பில் தில்லியில் நடந்த வீடமைப்புக் கருத்தரங்குக்குப் பொறுப்பேற்றவரும் அவரே. 1969-இல் இயன் மக்ஹார்க் எழுதிய நூல் இந்த அடுக்கு முறையை உலகெங்கும் பரப்பியது. பின்னர் வந்த கணினி நிலப்பட முறைகளுக்கு இதுவே முன்மாதிரியாயிற்று.

சிங்கப்பூரில் 1960 பிப்ரவரி முதல் நாள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அமைந்தது. 1963-இல் ஐக்கிய நாடுகள் நிறுவனம் அனுப்பிய மூவர் குழு இங்கு வந்து நகரின் எதிர்காலம் பற்றி அறிக்கை அளித்தது. அம்மூவரில் ஒருவரான ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் அதற்கு முன்பு மைசூர் அரசின் கட்டடக் கலைஞராகவும், விடுதலை பெற்ற இந்தியாவில் வீடமைப்புத் துறையிலும் பணியாற்றியவர்; புவனேசுவர் நகருக்குத் திட்டம் வகுத்தவர். ராணி நகராகிய குவீன்ஸ்டவுனுக்கு அடுத்தபடியாக எழுந்த புதுநகர் தோ பாயோ. 1960-களின் நடுவில் அதன் பணிகள் தொடங்கின. 1972-இல் எலிசபெத் அரசியார் வந்து பார்த்தார். 1973-இல் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டி சிங்கப்பூரில் நடந்தபோது, விளையாட்டு வீரர்கள் தங்கியது தோ பாயோ அடுக்குமாடி வீடுகளில்தான். 1974-இல் நூலகம் திறக்கப்பட்டது.

ஆனால் புதுநகர் வெற்று நிலத்தில் எழவில்லை. அங்கே அத்தாப்புக் குடிசைகளும், காய்கறித் தோட்டங்களும், பன்றிப் பண்ணைகளும் இருந்தன. அங்கு வாழ்ந்த குடும்பங்களை இழப்பீடு கொடுத்து வேறிடம் அனுப்பிய பிறகே அடித்தளம் போட முடிந்தது. திட்ட வரைபடத்தை மட்டும் வெள்ளைத் தாளில் பார்ப்பவர்க்கு, அங்கே முன்பு எவரும் இல்லாதது போலத் தோன்றும். அதே திட்டத்தை ஒளி புகும் தாளில் வரைந்து பழைய நிலப்படத்தின் மேல் வைத்துப் பார்ப்பவர்க்கு, இந்தப் புளோக்கின் அடியில் ஒரு கிணறு, அந்தக் கடைவரிசையின் அடியில் ஒரு தோட்டம் என்று தெரியும். தெருக்களுக்கு இன்றும் வழங்கும் ‘லோரோங்’ என்ற மலாய்ச் சொல், பழைய நிலப்படத்திலிருந்து புதிய நிலப்படத்துக்குக் கசிந்து வந்த ஒரு கோடு போல நிற்கிறது. பின்னணி வெண்மையாக இருப்பதும் தெளிவாக இருப்பதும் வெறும் அழகுச் செய்தி அன்று என்பதற்காகவே இதனை இங்கே எடுத்துச் சொன்னோம்.

இனித் திரைப்படத்துக்கு வருவோம். 1910-களில் அமெரிக்காவின் ஏர்ல் ஹர்ட் என்பவர், சித்திரப் படத்தில் அசையும் உருவங்களைத் தெளிந்த செல்லுலாய்டுத் தகட்டிலும் அசையாத பின்னணியைத் தாளிலும் வரையும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஒவ்வொரு படத்துக்கும் மலையையும் மரத்தையும் திரும்பத் திரும்ப வரைய வேண்டிய வேலை அதனால் ஒழிந்தது. நம் தமிழ்ப்படங்களில் இரட்டை வேடம் புகழ்பெறத் தொடங்கியது 1940-இல் பி. யு. சின்னப்பா நடித்த ‘உத்தமபுத்திரன்’ காலத்தில். ஒருவரே இருவராகத் திரையில் நிற்பதற்கு அந்நாளையப் படப்பிடிப்பாளர்கள் கையாண்ட வழிகளுள் முதன்மையானது மறைப்பு முறை. கேமராவின் ஒரு பாதியை மறைத்து ஒருமுறை படம் பிடிப்பார்கள். சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறு பாதியை மறைத்து மீண்டும் பிடிப்பார்கள். மறைப்பு கொஞ்சம் நகர்ந்தாலும் நடுவில் கோடு விழுந்து குட்டு வெளிப்பட்டுவிடும். எந்த இடத்தில் படம் இருக்க வேண்டும், எந்த இடத்தில் இருக்கக்கூடாது என்று சொல்லும் அந்த மறைப்புத்தான் நம் கதையின் நாயகன்.

அந்த மறைப்பைக் கணினிக்குள் கொண்டுவந்தவர்கள் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் என்ற இருவர். 1970-களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் அவர்கள் பணியாற்றினார்கள். கணினிப் படம் என்பது எண்ணற்ற சிறு புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. நான்காவதாக ஓர் எண்ணையும் ஒவ்வொரு புள்ளியுடனும் சேர்த்து வைத்தால் என்ன என்று அவர்கள் எண்ணினார்கள். அந்த எண் நிறத்தைச் சொல்லாது. அந்தப் புள்ளி எவ்வளவு மறைக்கும் என்பதைச் சொல்லும். அதற்கு ஆல்ஃபா என்ற கிரேக்க எழுத்தைப் பெயராக வைத்தார்கள்.

கணக்கு எளியது. ஆல்ஃபா ஒன்று என்றால் மேற்படம் முழுவதும் மறைக்கும். சுழி என்றால் மேற்படம் அங்கே இல்லவே இல்லை. கால் என்று வைத்துக்கொள்வோம். மேற்புள்ளியின் ஒளி அளவு 200, கீழ்ப்புள்ளியின் ஒளி அளவு 100 எனில், மேலதில் கால் பங்காகிய 50-ஐயும் கீழதில் முக்கால் பங்காகிய 75-ஐயும் கூட்ட வேண்டும். விடை 125. கண்ணுக்கு மேலதும் தெரியும், கீழதும் தெரியும். பாலில் தண்ணீர் கலப்பது போன்ற கணக்குத்தான். ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் இதனைச் செய்ய வேண்டும். அதற்குக் கணினி வேண்டும்.

1984-இல் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் என்ற இருவர், லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தில் பணியாற்றியபோது, இரண்டு படங்களை ஒன்று சேர்க்கும் வழிகளைப் பன்னிரண்டாக வகுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மேலே வைத்தல், உள்ளே வைத்தல், வெளியே வைத்தல் என்று அவை விரிகின்றன. இந்த நால்வருக்கும் 1996-இல் அமெரிக்கத் திரைப்படக் கலைக்கழகம் அறிவியல் தொழில்நுட்பப் பரிசு அளித்தது.

அடுத்த கட்டம் சேமித்தல். கணினித் திரையில் தெளிவாக இருந்த பின்னணி, கோப்பாகச் சேமிக்கும்போதும் தெளிவாகவே இருக்க வேண்டும் அல்லவா? 1987-இல் கம்ப்யூசெர்வ் நிறுவனம் வெளியிட்ட ஜிஃப் என்னும் கோப்பு வகை, 1989-இல் திருத்தப்பட்டபோது, 256 நிறங்களில் ஒன்றை மட்டும் ‘இது தெளிவு’ என்று குறிக்க இடம் கொடுத்தது. ஒரு புள்ளி முழுத் தெளிவு, அல்லது முழு மறைப்பு. நடுவில் எதுவும் இல்லை. ஆகையால் எழுத்துகளின் வளைவுகள் வாள்பல் போலத் தெரிந்தன. வெள்ளைத் தாளுக்காகச் செய்த படத்தைக் கறுப்புத் தாளில் வைத்தால் எழுத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு ஒட்டியது போல ஒரு கரை நின்றது.

இந்நிலையில் 1994 டிசம்பர் இறுதியில் ஒரு செய்தி வந்தது. ஜிஃப் கோப்பைச் சுருக்கப் பயன்பட்ட முறைக்கு யூனிசிஸ் நிறுவனத்திடம் காப்புரிமை உண்டு. ஜிஃப் கையாளும் மென்பொருள் விற்போர் கட்டணம் தர வேண்டும் என்பதே அச்செய்தி. நாள்தோறும் எல்லோரும் நடந்த பாதையில் திடீரெனச் சுங்கச்சாவடி எழுந்தது போலாயிற்று. 1995 ஜனவரியிலேயே தாமஸ் பௌட்டல் என்பவர் காப்புரிமைச் சிக்கல் இல்லாத புதிய கோப்பு வகைக்கு முன்வரைவு எழுதினார். பலர் கூடி உழைத்தார்கள். 1996 அக்டோபரில் அது உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாயிற்று. அதுதான் இன்று நாம் பிஎன்ஜி என்று சொல்லும் கோப்பு. அதில் ஆல்ஃபாவுக்கு முழுத் தெளிவிலிருந்து முழு மறைப்பு வரை 256 படிகள் கிடைத்தன. வாள்பல் மறைந்தது, சுண்ணாம்புக் கரையும் ஒழிந்தது.

இந்த ஆண்டுகள் தமிழுக்கும் முக்கியமானவை. 1995-இல் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளை இணையத்தில் ஏற்றியபோது, தமிழும் அங்கு இடம்பெற வேண்டும் என்று உழைத்தவர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் டின் வீயும் அம்முயற்சியில் பங்கு கொண்டார். 1997-இல் தமிழ் இணைய மாநாடும் சிங்கப்பூரில் கூடியது. அந்நாளில் எல்லாக் கணினிகளிலும் தமிழ் எழுத்துரு இல்லை. ஆகவே பலர் தமிழ்த் தலைப்புகளைப் படமாகவே ஆக்கி வலைப்பக்கங்களில் வைத்தார்கள். பின்னணி தெளிவாக இல்லையென்றால், நீலப் பக்கத்தின் நடுவே வெள்ளைத் துண்டுத் தாளில் எழுதி ஒட்டியது போலத் தமிழ் நிற்கும். நம் மொழி ஒட்டுப்போட்டதாகத் தெரியாமல், பக்கத்தோடு இயல்பாக இருப்பதற்கு இந்தச் சிறு நுட்பம் துணைநின்றது.

இனிப் பைத்தானுக்கு வருவோம். நெதர்லாந்தின் கைடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்ட நிரல்மொழி அது. அதில் வரைபடம் தீட்டுவதற்குப் பெரிதும் பயன்படும் தொகுப்பு மேட்பிளாட்லிப். அதனைத் தொடங்கியவர் ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர். சிகாகோவில் வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளை ஆராய்ந்துகொண்டிருந்த அவருக்கு, அந்த அலைகளைக் கண்ணால் பார்க்க நல்ல கருவி வேண்டியிருந்தது. விலை கொடுத்து வாங்கிய மென்பொருளை நம்பியிராமல், தாமே ஒன்றை எழுதி, 2003-இல் எவரும் எடுத்தாளும்படி விட்டார். 2012-இல் 44-ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் தொடங்கியதைப் பல நாட்டினர் இன்றும் கூடி வளர்த்து வருகிறார்கள். நோயாளியின் தலைமாட்டிலிருந்து பிறந்த கருவி, இன்று பள்ளி மாணவன் கையிலும் இருக்கிறது.

அதில் வரைபடத்தைச் சேமிக்கும் கட்டளைக்கு ‘சேவ்ஃபிக்’ என்று பெயர். அதனுடன் ‘டிரான்ஸ்பேரன்ட் சமம் ட்ரூ’ என்று ஒரு குறிப்பைச் சேர்த்து, பிஎன்ஜி கோப்பாகச் சேமித்தால் போதும். வரைபடத்துக்கு அடியில் உண்மையில் இரண்டு தாள்கள் உண்டு. ஒன்று படம் முழுவதற்குமான பெரிய தாள். மற்றொன்று அச்சுகளுக்கு உள்ளே கோடுகள் ஓடும் சிறிய தாள். அந்தக் குறிப்பு இவ்விரண்டின் ஆல்ஃபாவையும் சுழியாக்கிவிடும். கோடுகளும் எண்களும் எழுத்துகளும் அப்படியே இருக்கும். சேமித்து முடிந்ததும் திரையிலுள்ள படம் பழைய வெண்மைக்கே திரும்பிவிடும். அதனால் குறிப்பு வேலை செய்யவில்லை என்று சிலர் மயங்குவதுண்டு. கோப்பைத் திறந்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பிழை நேரும் இடங்களையும் சொல்லிவிடுவோம். ஜேபெக் கோப்புக்கு ஆல்ஃபா கிடையாது; அதில் தெளிவைச் சேமிக்க இயலாது. பழைய போஸ்ட்ஸ்கிரிப்ட் வகைக் கோப்பில் பாதித் தெளிவு நிற்காது. பிஎன்ஜி, பிடிஎஃப், எஸ்விஜி ஆகியவை ஏற்றவை. விளக்கக் குறிப்புப் பெட்டிக்கு எனத் தனியே ஒரு வெள்ளைத் தாள் உண்டு. அதனைத் தனியேதான் தெளிவாக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சு எண்கள் வழக்கமாகக் கறுப்பில் இருப்பவை. அந்தப் படத்தைக் கரும்பலகை போன்ற பின்னணியில் வைத்தால் எண்கள் இருந்தும் இல்லாதவை ஆகிவிடும். எந்தப் பின்னணியில் வைக்கப் போகிறோம் என்பதை முதலிலேயே எண்ணி எழுத்தின் நிறத்தைத் தேர வேண்டும். தமிழில் பெயரிடுவோர்க்கு இன்னொரு தொல்லையும் நெடுங்காலம் இருந்து வந்தது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். தமிழ்ப் பெயரிட்ட படத்தை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்த பிறகே வெளியிடுவது நல்லது.

இவை கைத்திறன் சார்ந்தவை, திருத்திக்கொள்ளலாம். நேர்மை சார்ந்த பிழை ஒன்று உண்டு. அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். சிங்கப்பூர்க் குடியிருப்பாளரில், ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2010-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 3.3 விழுக்காடு, 2020-இல் 2.5 விழுக்காடு. ஆங்கிலம் பேசுவோர் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காட்டுக்கு உயர்ந்தனர். இந்த இரண்டையும் தனித்தனி வரைபடமாகத் தீட்டி, பின்னணியை நீக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறோம் என்று கொள்வோம். தமிழின் அச்சு 2 முதல் 4 வரை. ஆங்கிலத்தின் அச்சு 0 முதல் 50 வரை. தமிழ்க்கோடு மாடியிலிருந்து விழுவது போலச் சரியும். ஆங்கிலக்கோடு அதனை வெட்டிக்கொண்டு மேலே ஏறும். பார்ப்பவர் நெஞ்சு பதறும். இரண்டையும் ஒரே அச்சில் வைத்தாலோ, தமிழ்க்கோடு தரையோடு தரையாகக் கிடக்கும், சரிந்ததே தெரியாது. பார்ப்பவர் கவலையற்றுப் போவார். எண்களோ ஒன்றே. உண்மையில், பத்தாண்டில் தமிழின் பங்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதி குறைந்திருக்கிறது. அது பதறி ஓடுவதற்கும் உரியதன்று, பாராமல் இருப்பதற்கும் உரியதன்று.

பழைய நகரத் திட்டக்காரர்கள் ஒளி புகும் தாள்களை அடுக்குமுன், எல்லாத் தாள்களும் ஒரே அளவில் உள்ளனவா என்று பார்த்து, மூலைகளில் அடையாளக் குறிகளைப் பொருத்திய பிறகே ஒளியின் முன் பிடித்தார்கள். ஓவர்ஹெட் புரொஜெக்டரில் தகட்டின்மேல் தகடு வைத்துப் பாடம் நடத்திய ஆசிரியர்களும் அதையே செய்தார்கள். கணினி அந்தக் குறிகளைத் தானாகப் பொருத்தித் தராது. பின்னணியை நீக்குவது கணினியின் வேலை. அளவைப் பொருத்துவது நம் வேலை. அளவு பொருந்தாத இரண்டு தெளிந்த படங்கள், ஒரு மங்கலான படத்தைவிட அதிகமாக ஏமாற்றும்.

தோ பாயோவில் இன்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் தலைமையகமே இருக்கிறது. 2002-இல் அது அங்கு இடம்பெயர்ந்தது. எட்டாம் லோரோங்கில் வைரவிமடக் காளியம்மன் கோயில் இருக்கிறது. அந்த அம்மனும் வேறிடத்திலிருந்து அங்குக் குடிவந்தவளே. கோயிலுக்குச் செல்லும் தமிழ்க் குடும்பங்களும், சந்தையில் காய்கறி வாங்கும் சீன மூதாட்டியும், லோரோங் என்ற மலாய்ப் பெயரும் ஒரே நிலத்தின்மேல் அடுக்கிய தாள்கள். ஒன்றை வைத்து மற்றொன்றை மறைத்துவிடாமல், ஒவ்வொன்றும் தெரியும்படி அடுக்கத் தெரிந்த இடத்தில்தான் ஊர் ஊராக நிற்கிறது. வரைபடத்துக்கும் அதுவே இலக்கணம். அடுத்த முறை ஒரு வரைபடத்தைப் பின்னணியின்றிச் சேமிக்கும்போது, அதனை எதன்மேல் வைக்கப் போகிறோம், அடியில் இருப்பது தெரிகிறதா, அளவு பொருந்துகிறதா என்று மூன்று கேள்விகளை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம்.